பசை

கோதுமை மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஐந்து,
ஆடு கடிக்காமல் இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம்.
முதல் தேர்தலில் கொனாரியா மெரேவுவின் முகத்தை
சந்தை முனைச் சுவரில் இப்படித்தான் ஒட்டினேன்.
அப்போது அவளுக்கு முப்பத்தொரு வயது.
முன்பல் இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி.

இரண்டாம் தேர்தலில் அந்த இடைவெளி இல்லை.
பல் மருத்துவர் அடைத்தாரா, அச்சகத்திலேயே அடைத்தார்களா,
நான் கேட்கவில்லை. தாளுக்கு இவ்வளவு என்று எனக்குக் கூலி.

மூன்றாவதில் அவளுக்குப் பின்னால்
கட்சித் தலைவர் நின்றார், தோளில் கை போட்டபடி.
பெரிய கை.
ஒட்டும்போதெல்லாம் அந்தக் கையில்தான் காற்றுக் குமிழி விழும்.
தேய்த்தால் அடுத்த விரலுக்கு நகரும்.

நான்காவதில் படத்தையே மாற்றவில்லை.

சார்டினியாவின் எங்கள் மலைப்பக்கத்துக்கு
இருந்தது ஒரே ஒரு பிரசவ வார்டு. ஆறு கட்டில்.
கடலோரத்தில், கல்யாரியில் உட்கார்ந்து
அதை மூட வாக்கெடுத்தார்கள்.
அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.
இதை விட்டுவிட்டுக் கதை சொல்கிறவர்கள் இப்போது அதிகம்.
அழுத்தினாள்.
ஊருக்கு வந்து,
நூவரோ எழுபது நிமிடம்தானே என்றும் சொன்னாள்.

பிப்ரவரியில் பனி கொட்டியது.
நாற்பத்தோராவது வளைவில், பால் வண்டிக்குள்,
கேன்களுக்கு நடுவே பியெரீனா லாய் பெற்றாள்.
பிள்ளை பிழைத்தது, தாயும் பிழைத்தாள்.
அதையே கட்சி பிடித்துக்கொண்டது:
ஒன்றும் ஆகிவிடவில்லையே.

வரவு செலவு வாசித்த அன்று
கொனாரியா எழுந்தாள், தன் கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு
கதவோரத்துக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.
அங்கே மேசை விளக்குகூட எரியாதாம்.
வேளாண்மைப் பொறுப்பு கேட்டாள், தரவில்லை,
அந்தக் கடுப்பு என்கிறான் மதுக்கடை தியோடோரோ.
இருக்கலாம்.
ஒரே வாரத்தில் ஒரு மனுஷிக்கு
இரண்டு காரணம் இருக்கக் கூடாதா?

கட்சி எனக்கு வெள்ளைத் தாள் அனுப்பியது, நூற்றிருபது.
எங்கெல்லாம் அவளோ அங்கெல்லாம் மூடு.
மூடினேன்.
ஈரத்தில் வெள்ளைத் தாள் மெல்லிய துணி மாதிரி,
மூக்கும் ஒரு கண்ணும் மேலே வந்தன.
காய்ந்து மறையும்வரை
கையில் தூரிகையோடு நின்றேன்.
சாலையில் போனவர்களைப் பார்க்கவில்லை.

அடுத்த தேர்தலுக்கு அவளே வந்தாள்,
ராத்திரி பதினொன்றுக்கு, சொந்த வாளியோடு.
அக்காள் மகன் டார்ச் பிடித்தான்.
ஒரே நிறத்தில் அச்சடித்த மலிவுத் தாள்,
தோளில் யார் கையும் இல்லை.
பல்லில் அந்த இடைவெளி திரும்பியிருக்குமா என்று பார்த்தேன்.
இல்லை.
பசை மோர் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.
பக்கத்துச் சுவரில் நான்,
முன்பு அவள் பெட்டி தூக்கிய எஃபீசியோவின்
புது முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மாவு பத்தாது, என்றேன்.

இருபது வருஷம் பசையுள்ள கட்சியில் இருந்தேன்,
பசை காய்ச்சக் கற்றுக்கொள்ளவில்லை பார், என்றாள்.
சிரித்தது பையன் மட்டும்.
என் வாளியிலிருந்து இரண்டு கரண்டி அவளுக்கு ஊற்றினேன்.
கட்சிப் பசை. எந்தக் கணக்கிலும் வராது.

எங்கள் ஊரில் விழுந்த ஓட்டு அறுநூற்றுப் பதினொன்று.
அவளுக்குத் தொண்ணூற்று நான்கு.
யார் யார் போட்டது என்று
தியோடோரோ விரல் விட்டு எண்ணுவான்,
தொண்ணூற்று மூன்றில் நின்றுவிடும்.
என்னைப் பார்ப்பான்.
நான் கோப்பையைப் பார்ப்பேன்.

வார்டு திறக்கவில்லை.
இப்போது அவள் இடையர் கூட்டுறவில் பால் கணக்கு எழுதுகிறாள்.
எஃபீசியோ எப்போதாவது வருகிறான்.

நவம்பர் மழையில் சந்தை முனைச் சுவரிலிருந்து
மொத்தமும் ஒரே பாளமாகக் கழன்று விழுந்தது,
உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டு போல அடுக்கடுக்காக.
நாலு அவள், ஒரு வெள்ளை, மேலே மறுபடி அவள்.
தூக்கினேன், நல்ல கனம்.
காயவை, குளிருக்கு அடுப்பில் போடலாம், என்றான் தியோடோரோ.
மயில்துத்தம் கலந்திருக்கு,
பச்சையாக எரியும், என்றேன்.